மதாம் லூசியெனின் துவக்கில் முன் ஓட்டை

மொன்றியலில், வில்லரேயில் வெளிப்படிக்கட்டு வைத்த வீடுகளில் பதினொன்றுக்குக் கைபிடிக் கம்பி வளைத்தவன் நான். ரொக்ஸ்பரோவில் நாங்கள் இருக்கும் வீட்டின் நிலவறை, தண்ணீர்க் குழாய் தொடக்கம் கூரைப் பலகை வரை, என் கைவேலை. செத்துப்போன இரண்டு பனி தள்ளும் இயந்திரங்களை அறுத்து ஒட்டி உயிருள்ள ஒன்றாக்கினேன். இன்றைக்கும் எங்கள் தெருவில் ஐந்து வாசல்களை அதுதான் துப்புரவாக்குகிறது. எங்கள் கோவில் பங்கில் அந்தோனியார் சுருவத்தை ஊர்வலம் கொண்டுபோகும் கூடு, அதன் நான்கு சில்லுகளோடு, நான் செய்தது. குப்பைக்குப் போக இருந்த லேத் இயந்திரம் ஒன்றை எழுப்பி முப்பத்தொரு வருடம் ஓடவைத்தேன். மூன்று பெண்பிள்ளைகளில் இரண்டு பேரைத் தாதியாக்கினேன், ஒருத்தியை வழக்கறிஞராக்கினேன். இத்தனையும் செய்தவன் மன்னாரில் ஐந்தாம் வகுப்போடு புத்தகத்தை மூடியவன். இங்கே வந்து இறங்கியபோது பிரெஞ்சு தெரியாது, ஆங்கிலம் தெரியாது, பனி தெரியாது. கை தெரியும்.

பங்கு மலருக்குத் தொழில் அனுபவம் எழுதித் தரும்படி கேட்டவர் மலர்க்குழுத் தம்பி ஜெரோம். கேட்கும்போதே ஒரு நிபந்தனையும் வைத்தார்.

"சவிரி அண்ணை, துவக்கு எண்ட சொல்லை மட்டும் கொஞ்சம் குறைச்சுப் போடுங்கோ. சனம் வேற மாதிரி விளங்கும். இயந்திரக் கம்பனி எண்டு எழுதினா என்ன?"

"முப்பத்தொரு வருசம் துவக்குக் கடையில நான் என்ன வடையோ சுட்டனான்?"

சிரித்துவிட்டு, "சரி, உங்கட விருப்பம்" என்றார். ஆகவே என் விருப்பப்படியே எழுதுகிறேன். வேட்டைத் துவக்குகளுக்கு ஸ்கோப் பூட்டுவது என் தொழில். ஸ்கோப் என்பது துவக்கின் முதுகில் இருக்கும் சின்னத் தொலைநோக்கி. அதற்குள்ளே இரண்டு மெல்லிய கோடுகள் சிலுவை போலக் குறுக்கிடும். அந்தச் சந்தி எங்கே நிற்கிறதோ அங்கேதான் சன்னம் போய் விழ வேண்டும். சொல்ல இவ்வளவுதான்.

எழுத ஒத்துக்கொண்டதற்கு வேறொரு காரணமும் உண்டு. வடக்கே ஓர் ஏரிக்கரையில் வேட்டைக்காரர் சங்க மண்டபம் ஒன்று இருக்கிறது. அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பழைய துவக்கு, அதன் கீழே ஓர் அட்டை. அந்தத் துவக்கில் நடந்த வேலையைப் பற்றி அந்த அட்டை சொல்வது பிழை. என் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் இன்னொருவர் பெயர் இருக்கிறது. அதை மாற்றுவிக்க வேண்டும்.

தொழில் பழகிய கதை சுருக்கம். மன்னாரில் படகு எஞ்சின் திருத்தும் பட்டறையில் லேத்தும் அரமும் பழகினேன். மொன்றியலில் ஒரு வருடம் உணவகத்தில் கோப்பை கழுவினேன். பார்க் எக்ஸ்ரென்சனில் நாலு பேரோடு இருந்த அறையிலிருந்து வேலைக்கு நடக்கும் வழியில் அந்தத் துவக்குக் கடை. ஒரு நாள் அதன் பின்கதவு திறந்து கிடந்தது. உள்ளே ஒரு லேத் அழுதுகொண்டு ஓடியது. அழுகையைக் கேட்டவுடன் எந்த இடத்தில் நோவென்று எனக்குத் தெரிந்தது. உள்ளே போய் விரலால் தொட்டுக் காட்டினேன். அன்று பின்னேரம் அது அழாமல் ஓடியது. வேலைப் பத்திர அலுவல்கள் முடிந்ததும் கோப்பைகளிடம் விடைபெற்று அங்கே சேர்ந்தேன்.

கடைக்காரர் பெயர் ரெஜான். நெடிய, மெலிந்த மனிதர். பேசினால் சத்தம் உயராது. கோபம் வந்தால் இன்னும் தாழும். கடும் கோபத்தில் உதடு மட்டும் அசையும். என்ன திட்டுகிறார் என்று அறிய நீங்கள்தான் கிட்டப் போக வேண்டும். சவிரிமுத்து என்ற என் பெயர் அவர் வாய்க்குள் அடங்கவில்லை. ஸாவியே என்று கூப்பிட்டார். நான் அவரைப் பொஸ் என்றேன். முதல் வருடம் முழுக்க எங்கள் பாஷை கையும் கண்ணும்தான். இங்கே அவரும் மற்றவர்களும் பேசியதையெல்லாம், அப்போது அரைகுறையாக விளங்கிப் பிறகு கேட்டு நிரப்பியதையும் சேர்த்து, என் தமிழில் எழுதுகிறேன். அந்த நாட்களை நினைத்தால் அவர் தமிழில்தான் பேசினார் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது.

பழைய துவக்குகள் ஸ்கோப்பை நினைத்துச் செய்யப்பட்டவை அல்ல. முதுகில் ஓட்டை இராது. நாங்கள் துளைத்து, திருகாணிக்குப் புரி வெட்டி, ஒரு தாங்கியைப் பூட்டி, தாங்கியின் மேல் வளையங்களில் ஸ்கோப்பைக் கிடத்த வேண்டும். துளைக்க முன் பொஸ் துவக்கை இரண்டு மரக்கட்டைகளுக்கு நடுவே அசையாமல் இறுக்குவார். பின்பக்கத்தை அடைக்கும் போல்ற் தண்டைக் கழற்றி எடுப்பார். இப்போது அது இரு பக்கமும் திறந்த வெறும் குழல். பின்னால் குனிந்து உள்ளே பார்த்தால் பட்டறையின் பின் ஜன்னல், அதற்கப்பால் வீடுகளின் தட்டைக் கூரைகள், அதற்கும் அப்பால் மாதா கோவில் கோபுரத்தின் உச்சிச் சிலுவை.

அந்தக் குழலுக்குள் பார்க்காதவருக்கு அதை எப்படிச் சொல்வேன்? உட்சுவர் முழுக்க வெளிச்சம் வளையம் வளையமாகச் சுழன்றுகொண்டு போகும். நீங்கள் ஒரு கிணற்றின் அடியில் படுத்திருக்கிறீர்கள், கிணறு நிமிர்ந்து நிற்காமல் படுத்திருக்கிறது, அதன் வாயில் வானம். அந்த வெள்ளி வட்டத்துக்குள்ளே எறும்பளவு சிலுவை. மார்கழியில் அது பனிக்குள்ளே கரைந்துபோய், சொல்லாமல் கொள்ளாமல் திரும்பி வரும். குனிந்தபடி எத்தனை நேரம் நின்றிருப்பேனோ. பொஸ் ஒன்றும் சொல்லமாட்டார். தானும் அப்படித்தான் நிற்பார்.

சிலுவை வட்டத்தின் நடுவில் வந்த பிறகு துவக்கை மூச்சுக்கூடத் தொடக் கூடாது. தாங்கியை மெழுகால் தற்காலிகமாக ஒட்டி, ஸ்கோப்பை வைத்து, இப்போது அதற்குள் பார்க்க வேண்டும். அதன் கோடுகளின் சந்தியும் அதே கோவில் சிலுவையில் குந்த வேண்டும். குழலும் ஸ்கோப்பும் ஒரே இடத்தைப் பார்க்கின்றன என்றால்தான் ஊசியால் அடையாளம். அதற்குப் பிறகுதான் துளை.

"இரும்பின்ர வெளித்தோலைக் கேளாதை, ஸாவியே. ஆரோ அரத்தால தேய்ச்சு வடிவாக்கின தோல் அது. பொய் சொல்லும். குழலைக் கேள்."

நூறு தரம் சொல்லியிருப்பார். நூறு தரம் "ஓம் பொஸ்" என்றிருப்பேன்.

மதாம் லூசியென் வந்தது ஒரு புரட்டாதிக் கடைசியில். அறுபது தாண்டியவர், அந்த ஏரிக்கரைச் சங்கத்தின் தலைவி. தகப்பனின் துவக்கை நீலக் கம்பளியில் சுற்றி வந்து மேசையில் வைத்தார். பன்னிரண்டு வயதிலிருந்து அந்தத் துவக்கால் மூஸ் வேட்டையாடியவர். மூஸ் என்பது குதிரையைவிட உயரமான மான். மரங்களுக்கு நடுவே அது நடந்தால் ஒரு மரம் நடப்பது போலிருக்கும். இப்போது மதாமின் கண்ணில் படலம் வளர்ந்திருந்தது.

"ரெஜான், தூர நிக்கிற மூஸ் தெரியுது. துவக்கின்ர முனைதான் தெரியேல்லை. மூஸும் தெரியாமப் போனா பேசாம வீட்ட இருப்பன். அது தெரிஞ்சுகொண்டு எப்பிடி இருக்கிறது?"

"ஸ்கோப் போட்டா ரெண்டும் ஒண்டாத் தெரியும். ஆனா ஓட்டை போட வேணும்."

"எத்தினை?"

"முன்னுக்கு ஒண்டு, பின்னுக்கு ஒண்டு."

"அப்பா இதில ஒரு கீறல் விழ விடேல்லை. ரெண்டுக்குச் சம்மதிக்கிறன். மூண்டாவது ஓட்டையைப் பாத்தன் எண்டா அதுக்குள்ளால உன்னைப் பாப்பன்."

வேட்டைக் காலம் தொடங்க மூன்று கிழமை இருந்தது.

என் பக்கத்து நிலைமையையும் சொல்ல வேண்டும். என் மனைவி றீற்றாவும் மூத்த பிள்ளைகள் இருவரும் அப்போது மன்னாரில். அவர்களைக் கூப்பிடும் பத்திரங்களோடு, எனக்கு நிரந்தர வேலை இருக்கிறது என்று ஒரு கடிதம் வைக்க வேண்டும். ஆறு மாதம் என் வேலையைப் பார்த்துவிட்டுத் தருவதாகப் பொஸ் சொல்லியிருந்தார். ஐந்து மாதம் முடிந்திருந்தது.

அன்று காலை மூடுபனி. பொஸ் பல் வைத்தியரிடம் புறப்பட்டார். "கோபுரம் தெரிஞ்சாப் பேந்து பாப்பம்" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் குழலுக்குள் பார்த்தேன். வட்டம் இருந்தது, உள்ளே ஒன்றுமில்லை. வெள்ளை. அப்படி ஒரு வெள்ளை. உலகத்தை யாரோ இன்னும் வரையத் தொடங்கவில்லை என்பது போல.

எனக்குச் சும்மா இருக்கத் தெரியாது. மன்னார்ப் பட்டறையில் எஞ்சின் தண்டுக்கு நடு கண்டுபிடிப்பதில் என்னை வெல்ல ஆளில்லை. இரு விளிம்பையும் அளந்து பாதியில் கோடு இழுத்தால் நடு. படகு எஞ்சினில் அது ஒரு நாளும் பிழைபோனதில்லை. அளந்தேன். மூன்று தரம் அளந்தேன், மூன்று தரமும் ஒரே எண். பின் ஓட்டை போட்டேன். முன் ஓட்டை போட்டேன். புரி வெட்டினேன். இரும்புச் சீவல் எண்ணெயில் நனைந்து சுருள் சுருளாக எழுந்து வந்தது. அந்த வெள்ளை வெளிச்சத்துக்குள்ளே, என் வாழ்நாளில் செய்த மிக அழகான வேலை இதுதான் என்று நினைத்தேன்.

பத்து மணிபோல் மூடுபனி கலைந்தது. முதலில் கூரைகள் வந்தன, பிறகு கோபுரத்தின் தோள், கடைசியாகச் சிலுவை. தாங்கியையும் ஸ்கோப்பையும் பூட்டி, குழலுக்குள் அதை நடுவில் நிறுத்திவிட்டு ஸ்கோப்புக்குள் பார்த்தேன். கோடுகளின் சந்தி கோபுரத்தை விட்டு விலகி, ஒரு வீட்டின் புகைக்கூண்டில் நின்றது. ஸ்கோப்பின் பக்கத்துத் திருகைத் திருப்பினேன். கிளிக், கிளிக், கிளிக். கோடுகள் கோபுரத்தை நோக்கி ஊர்ந்தன. பாதி வழியில் திருகு முட்டிக்கொண்டது.

பின் ஓட்டை சரி. முன் ஓட்டை நடுவை விட்டு ஒரு மில்லிமீற்றருக்குக் கொஞ்சம் குறைவாக விலகியிருந்தது. எப்போதோ யாரோ துரு எடுக்க அந்த இடத்தில் ஒரு பக்கத்தை மட்டும் தேய்த்திருக்கிறார்கள். நான் அந்தத் தேய்ந்த தோலை நம்பி அளந்தேன். நூறு மீற்றரில் அது முக்கால் மீற்றர். மூஸ் தப்பிவிடும். அல்லது தப்பாமல், காயத்தோடு காட்டுக்குள் போய்ப் பல நாள் கிடந்து சாகும். இரண்டாவதுதான் வேட்டைக்காரருக்குச் சாகும்வரை நிற்கும் அவமானம்.

பொஸ் பாதி வாய் மரத்து வந்தார். குனிந்து குழலுக்குள் பார்த்தார். ஸ்கோப்புக்குள் பார்த்தார். திரும்பக் குழலுக்குள். உதடு அசைந்தது. கிட்டப் போனேன்.

"ஆரைக் கேட்டனி?"

"வெளிப்பக்கத்தை, பொஸ்."

"என்ன சொன்னது?"

"நடு எண்டது."

நான் ஸ்கோப்பையும் தாங்கியையும் கழற்றி வைத்தேன். அவர் மேலங்கியோடு முக்காலியில் இருந்தார். அந்த நேரம் பார்த்து முன்கதவு மணி அடித்தது. மதாம். ஸ்கோப் வந்துவிட்டதா என்று பார்க்க வந்தவர் நேரே பின்னுக்கு வந்து துவக்கின் மேல் குனிந்தார். கண்ணில் படலம் இருந்தாலும் தகப்பனின் துவக்கை விரல் படித்தது. விரல் பின் ஓட்டையில் நின்றது, முன் ஓட்டையில் நின்றது, திரும்பப் பின்னுக்குப் போனது.

"இது கோணல்."

பொஸ் முக்காலியை விட்டு எழுந்தார். மதாம் நிமிர்ந்தார்.

"ஆர் போட்டது? இதைப் போட்ட கை இந்தக் கடையில இனி இரும்பு தொடக் கூடாது. தொட்டுதெண்டா எங்கட சங்கத்தில ஒருத்தரும் இந்தக் கதவைத் திறக்கமாட்டினம்."

சொல்லிக்கொண்டே என்னைப் பார்த்தார். என் கையில் கோப்பிக் கோப்பை.

"நான்தான்" என்றார் பொஸ்.

"நீயோ?"

"பல்லு நோவு, லூசியென். அவசரப்பட்டிட்டன்."

"பல்லாலயோ துளைச்சனி?"

"பாத்தா அப்பிடித்தான் கிடக்கு."

"நானறிய நீ ஒரு ஓட்டை பிழையாப் போட்டதில்லை, ரெஜான்."

"இப்ப போட்டாச்சு."

நான் கோப்பைக்குள் குனிந்தேன். கோப்பிக்குள் ஜன்னல் தெரிந்தது, அதற்குள் கூரைகள். அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மதாம் போன பிறகு பொஸ் வேலைப் புத்தகத்தை எடுத்து எழுதினார்: முன் ஓட்டை பிழை, துளைத்தவர் ரெஜான். கையெழுத்தும் வைத்தார்.

"பொஸ், நான் போய் மதாமிட்டச் சொல்லுறன்."

"முதல் உன்ர மனிசி பிள்ளையளைக் கூப்பிடு. பேந்து சொல்லலாம்."

பிழை என்னுடையது என்றால் திருத்தமும் என்னுடையது. அதே இடத்தில் சரியாகத் துளைக்க முடியாது. புதிய ஓட்டை பழையதற்குள் பாதி விழும். பழையதை அடைத்துவிட்டு, ஒரு விரல் தள்ளி மூன்றாவது ஓட்டை போட வேண்டும். மூன்றாவது! பொஸ்தான் தொலைபேசி எடுத்துக் கேட்டார்.

"மூடின ஓட்டையை நான் எண்ணமாட்டன்" என்றார் மதாம். "மூடினது எனக்குத் தெரிஞ்சா எண்ணுவன்."

அதே வகை இரும்பில் சின்ன ஆணி கடைந்து, புரி வெட்டி, இறுக்கி, மேலே அராவிச் சமப்படுத்தி, கரும்நீலச் சாயம் ஏற்றினேன். விரல் நுனி அதன் மேல் வழுக்கிப் போகும், எங்கேயும் நிற்காது. கடையில் விற்கும் தாங்கி இனிப் பொருந்தாது; அதன் ஓட்டை பழைய இடத்துக்கானது. ஓர் இரும்புக் கட்டியிலிருந்து தாங்கியை நானே வெட்டினேன். துவக்கின் முதுகு வளைவு, தாங்கியின் அடியும் அதே வளைவில் குந்த வேண்டும். துவக்கைக் கவிழ்த்துப் பிடித்து அதன் முதுகின் கீழ் மெழுகுதிரிச் சுடரைக் காட்டினேன். மெல்லிய கரி படிந்தது. நிமிர்த்தித் தாங்கியை வைத்து அழுத்தி எடுத்தேன். கரி எங்கே ஒட்டியதோ அங்கேதான் முட்டுகிறது. அங்கே மட்டும் அரத்தால் இரண்டு இழுவை. திரும்பவும் சுடர், கரி, அழுத்தல்.

முதல் நாள் மூன்று புள்ளியில் ஒட்டியது. நாலாம் நாள் சிறு சிறு தீவுகள். பிறகு தீவுகள் ஒன்றையொன்று தொட்டன. வெளியே மேப்பிள் இலைகள் கொட்டிக்கொண்டிருந்தன. கடைக்கு யார் வந்தார்கள், யார் போனார்கள் என்று எனக்குத் தெரியாது. மெழுகு மணமும் இரும்பு மணமும் கலந்து, பூசைக்கு முந்திய கோவிலுக்குள் இருப்பது போலிருந்தது. பொஸ் கதவடியில் வந்து நிற்பார், போய்விடுவார். ஒரு தரமும் கை வைக்கவில்லை. ஒன்பதாம் நாள் தாங்கியின் அடி முழுக்க ஒரே கறுப்பு.

பிறகு குழலைக் கேட்டேன். மெழுகால் ஒட்டி, கோவில் சிலுவையைப் பார்த்து, ஊசியால் அடையாளமிட்டு, துளைத்தேன். ரசமட்டம் வைத்து ஸ்கோப்பின் நெடுங்கோட்டை நிமிர்த்தி, வளையத் திருகாணிகளை மாறி மாறிக் கால் சுற்று, கால் சுற்றாக இறுக்கினேன்.

சுட்டுப் பார்க்க ஏரிக்கரைக்குப் போனோம்; மதாம், பொஸ், நான். தமராக் என்னும் ஊசியிலை மரங்கள் மஞ்சளாய் நின்றன. ஏரிக்கு மேல் ஆவி எழுந்து, ஏரி எங்கே முடிகிறது, காற்று எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. மதாம் மேசையில் முழங்கையை ஊன்றிச் சுட்டார். முதல் வெடி புள்ளிக்கு இடப்புறம் ஒரு கையகலம் தள்ளி விழுந்தது. பன்னிரண்டு கிளிக் திருப்பினேன். இரண்டாவது புள்ளியின் விளிம்பில். இன்னும் இரண்டு கிளிக். மூன்றாவது வெடிச் சத்தம் ஏரியைச் சுற்றிப் போய் நெடுநேரம் கழித்துத் திரும்பி வந்தபோது, மதாம் இன்னும் ஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"தெரியுது" என்றார். "எல்லாம் தெரியுது."

பிறகு விரலால் துவக்கின் முதுகைத் தடவினார். விரல் எங்கேயும் நிற்கவில்லை.

"ரெஜான், இப்பிடி ஒரு தாங்கி நான் கண்டதில்லை. கையைத் தா."

பொஸ் கையைக் கொடுத்தார். பார்வை என்னில் இருந்தது. நான் ஏரியைப் பார்த்தேன்.

அந்த வருடம் மதாம் ஒரே வெடியில் மூஸை விழுத்தினார். பொஸ் கடிதம் தந்தார். அடுத்த இலைதுளிர் காலத்தில் றீற்றாவும் பிள்ளைகளும் வந்தார்கள். மதாம் கடைக்குக் கொடுத்துவிட்ட இறைச்சியில் ஒரு துண்டைக் குளிர்ப்பெட்டியில் உறையவைத்திருந்தேன். றீற்றா கறித்தூள் போட்டு, மூன்று மணித்தியாலம் அவியவைத்து, ஒரு துண்டை வாயில் வைத்தாள்.

"இந்தச் சப்பாத்துத் தோலுக்கோ நீங்கள் ஒன்பது நாள் அராவினீங்கள்?"

கதையை முழுக்கச் சொன்னேன். சிரிப்பு நின்றது.

"இப்ப நாங்கள் வந்திட்டம். அந்த மனிசியிட்டச் சொல்லீட்டீங்களோ?"

"இல்லை."

சொல்லவில்லை. ஏன் என்பதையும் மறைக்காமல் எழுதுகிறேன். அந்தத் தாங்கியைப் பார்த்துவிட்டு வேட்டைக்காரர் பலர் கடை தேடி வந்தார்கள். ரெஜானின் கை, ரெஜானின் கை என்றார்கள். அது என் கை என்று கத்த வேண்டும் போலிருக்கும். கத்தினால் ஓட்டையையும் சொல்ல வேண்டும். பெருமைக்கு ஆசைப்பட்டவன் வெட்கத்துக்குப் பயந்து இரண்டையும் விழுங்கினேன். பொஸ்ஸிடம் ஒருமுறை கதையை எடுத்தேன். "அதை விடு, ஸாவியே, எனக்குப் பாரமில்லை" என்றார். அவருக்குப் பாரமில்லாமல் இருந்திருக்கலாம்.

மதாம் போய்ச் சேர்ந்தார். பிறகு பொஸ்ஸும். மதாமின் உறவினர்கள் துவக்கைச் சங்கத்துக்குக் கொடுத்தார்கள். போன இலையுதிர் காலத்தில் சின்ன மகள் என்னைக் காரில் அங்கே கூட்டிப்போனாள். அட்டையில் இருந்ததை வாசித்துச் சொன்னாள்: முன் ஓட்டையைத் தவறாகத் துளைத்தவர் ரெஜான், அவரே அதை மூடி, இந்த அரிய தாங்கியைத் தன் கையால் செய்தார். எங்கள் பக்கத்தில் நின்ற ஒருவர் தன் கூட்டாளியிடம், "பாத்தியா, ரெஜானே கோட்டை விட்டிருக்கிறான்" என்று சொல்லிச் சிரித்தார். வாழ்நாளில் ஒரு ஓட்டை பிழையாகப் போடாத மனிதர். அந்தச் சிரிப்பு எனக்கு உரியது. அவர் அதைக் கண்ணாடிக்குள் படுத்து வாங்கிக்கொண்டிருக்கிறார்.

வழக்கறிஞர் மகள்தான் பிரெஞ்சில் கடிதம் எழுதினாள். சங்கச் செயலாளர் மரியாதையாகப் பதில் அனுப்பினார்: எங்களிடம் வந்துசேர்ந்த கடை வேலைப் புத்தகத்தில் ரெஜானின் கையெழுத்து இருக்கிறது, உங்கள் பக்கத்தில் சாட்சி உண்டா என்று.

உண்டு. இரண்டு திருகாணிகளைக் கழற்றித் தாங்கியைத் தூக்கிப் பாருங்கள். அடிப்பக்கத்தில் அரத்தின் கோடுகள் இடப்பக்கம் சாய்ந்திருக்கும். நான் இடக்கைக்காரன். ரெஜான் வலக்கையால் அராவியவர். அவர் அராவிய எந்த இரும்பையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம். கழற்ற நானே வருவேன். கை இன்னும் நடுங்கவில்லை.

இதை மலரில் அப்படியே போடும்படி ஜெரோம் தம்பியைக் கேட்கிறேன். சங்கத்துக்கு மகள் பிரெஞ்சில் அனுப்புவாள். நல்ல பாதியை மட்டும் எனக்குத் தாருங்கள் என்று நான் கேட்கவில்லை. ஸாவியே என்றும் போட வேண்டாம். அட்டையை எடுத்துவிட்டு, முழுப் பெயரோடு, இப்படி எழுதி வையுங்கள்:

முன் ஓட்டையைப் பிழையாகத் துளைத்தவர் மரியான் சவிரிமுத்து. அதை மூடி, இந்தத் தாங்கியை ஒன்பது நாளில் செய்தவரும் அவரே. ரெஜான் இந்த இரும்பில் கை வைக்கவில்லை.